தெருவிளக்குக் கடிதத்துக்கு எந்த முகவரி?

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு எழுதியவர்கள் அநேகமாக அந்தக் கடிதத்தில் மாட்டியிருப்பார்கள். தெருவில் விளக்கு எரியவில்லை, இரவில் நடமாடச் சிரமமாக இருக்கிறது, ஆவன செய்யுமாறு மின்வாரிய அலுவலருக்கு எழுத வேண்டும். விடுநர், பெறுநர், பொருள், 'மதிப்பிற்குரிய ஐயா', 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' எல்லாம் வரிசையாக வர வேண்டும். உறைமேல் முகவரியைத் தனியே கட்டம் கட்டி எழுத வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ பிள்ளைகள் எழுதிப் பழகும் இந்தக் கடிதம் தபால்பெட்டிக்குப் போவதே இல்லை. போனாலும் பிரயோசனம் குறைவுதான், ஏனென்றால் முகவரி தப்பு. சேத்தூர் மாதிரி ஒரு பேரூராட்சியில் தெருவிளக்கைப் பராமரிப்பது பேரூராட்சி. மின்வாரியம் மின்சாரம் கொடுக்கும், பில் அனுப்பும். பல்பு மாற்றுவது அதன் பொறுப்பில் வராது.

இதைச் சொன்னதும் எதிரே உட்கார்ந்திருந்த வாத்தியார் தம்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, போன வாரம்தான் அதையே நடத்துனேன்."

"நடத்துங்க தம்பி, மார்க்கு வேணும்ல. அதோட முகவரியையும் விசாரிச்சுட்டு வரச் சொல்லுங்க."

அவர் முதலில் கேட்டது வேறு கேள்வி. மாணவர்களை ஊர்க் காரியங்களிலும், அரசு முடிவெடுக்கும் இடங்களிலும் பங்கெடுக்க வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது? தென்காசி ரோட்டோரம் இந்த டீக்கடையில் மனு எழுதிக் கொடுத்தே பழகிப்போனவன் நான். என்னிடம் இப்படிக் கேட்டால் ஒரு டீயோடு விடமாட்டேன்.

தொடங்க வேண்டிய இடம் மேடை இல்லை, மேசை. எந்த விஷயம் யாருடைய மேசையில் இருக்கிறது என்பது தெரியாமல் ஒருவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அது காற்றில்தான் போகும். நம் சேத்தூரையே எடுத்துக்கொள்வோம். தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, குடிநீர்க் குழாய் எல்லாம் பேரூராட்சி. அங்கே தலைவரும் வார்டு உறுப்பினர்களும் ஓட்டு வாங்கி வந்தவர்கள், செயல் அலுவலர் அரசு நியமித்தவர். ஊர் வழியே போகும் கொல்லம்–திருமங்கலம் சாலை தேசிய நெடுஞ்சாலை. அதில் பள்ளம் விழுந்தால் பேரூராட்சித் தலைவரைத் திட்டிப் பயனில்லை, அவர் ஒரு கூடை தார் கொட்டக்கூட அதிகாரம் இல்லாதவர். சாயங்காலம் பஸ் நிற்காமல் போகிறதா, அது அரசுப் போக்குவரத்துக் கழகம். மேற்கே மலையடிவாரத் தோப்பில் யானை இறங்கித் தென்னையைச் சாய்க்கிறதா, அது வனத்துறை. அந்த மலை 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். சட்டமன்றத் தொகுதி ராஜபாளையம். மாவட்டம் விருதுநகர். ஆனால் நாடாளுமன்றத் தொகுதி? விருதுநகர் என்று சொல்கிற பெரியவர்களே நிறையப் பேர். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் தென்காசித் தொகுதியில் இருக்கின்றன. ஆட்சியர் கிழக்கே, எம்.பி. தெற்கே. வழக்கு என்று வந்தால் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை கண்ணில் படுகிற ஒவ்வொன்றும் யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். பாதியில் திணறுவார்கள். ஆசிரியர்களும் திணறுவார்கள். அப்புறம் அவர்களே போய் விசாரிக்கட்டும். பேரூராட்சி அலுவலகத்தின் படியை ஒருமுறை ஏறி, ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரிடம் "இது உங்க டிபார்ட்மென்ட்டா சார்?" என்று கேட்டு வந்த பிள்ளைக்குக் குடிமையியல் பாடத்தை நாம் நடத்த வேண்டிய அவசியமே இல்லை.

அதற்குள் பக்கத்து பெஞ்சில் இருந்தவர் குறுக்கே வந்தார். "படிக்கிற பிள்ளையளப் போயி அரசியல்ல இழுத்து விடுறீகளே?" நியாயமான பயம், அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும்.

மாணவர்கள் அரசியலுக்கு வந்து ரொம்ப நாளாகிறது. 1965-ன் இந்தி எதிர்ப்பும் 2017-ன் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டமும் இந்த மாநிலத்தின் வரலாறு. மெரினாவைப் பற்றி எல்லோருக்கும் கூட்டம்தான் ஞாபகம் இருக்கிறது, செல்போன் வெளிச்சம் ஞாபகம் இருக்கிறது. காகிதம் யாருக்கும் ஞாபகம் இல்லை. 2011-ல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையில், காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையையும் சேர்த்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. விலங்கு வதைத் தடுப்பு மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் செய்யக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்துக்கு மாநிலமே ஒரு திருத்தம் கொண்டுவந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்கினால் வழி உண்டு. 2017 ஜனவரி 21-ல் அவசரச் சட்டம், 23-ல் சட்டமன்றத்தில் மசோதா. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. லட்சம் பேர் உட்கார்ந்ததால் அரசு அசைந்தது, உண்மை. அசைந்த அரசு எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதைச் சொன்னது அந்தத் திருத்தம். தடை விழுந்ததற்கும் திருத்தம் வந்ததற்கும் நடுவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் போயின. இந்த இரண்டாவது வேலையைத்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறேன். அதில் கட்சியும் இல்லை, கொடியும் இல்லை, தடியடியும் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். குறை வேறு, கொள்கை வேறு.

தெலங்கானாவில் ரங்காரெட்டி மாவட்டத்து சிதேடு என்ற கிராமம். கொரோனாக் காலத்தில் நின்றுபோன பஸ் பள்ளிகள் திறந்த பிறகும் வரவில்லை. 2021-ல் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்.வி. ரமணாவுக்கே கடிதம் எழுதினாள். அவர் போக்குவரத்துக் கழகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனார், பஸ் வந்துவிட்டது. நல்ல செய்தி, பத்திரிகைகளும் கொண்டாடின. எனக்கு அதில் பாதி சந்தோஷம்தான். ஒரு கிராமத்து பஸ்ஸுக்கு நாட்டின் தலைமை நீதிபதி வரை போக வேண்டியிருந்தது என்றால், நடுவில் இருந்த மேசைகள் என்ன செய்தன? அதே மாதிரி பஸ் நின்றுபோன பக்கத்துக் கிராமம் என்ன ஆயிற்று? அந்தப் பெண் செய்தது குறை தீர்த்தல், அதுவும் துணிச்சலாகச் செய்தாள். 'பள்ளி நேரத்துப் பஸ்ஸை நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே பள்ளிக்கு அறிவித்து மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்' என்று ஒரு விதி வந்திருந்தால் அது கொள்கை. முதலாவது ஓர் ஊருக்கு. இரண்டாவது கடிதம் எழுதத் தெரியாத ஊர்களுக்கும் சேர்த்து.

நமக்குக் கிட்டத்தில் இன்னொரு உதாரணம், தூத்துக்குடி. 2018-ல் சுப்பையா வித்யாலயம் பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் தின்பண்ட உறைகளைச் சேகரித்தார்கள். பிளாஸ்டிக் ஒழிக என்று ஊர்வலம் போவதோடு நின்றிருந்தால் ஒரு போட்டோவோடு முடிந்திருக்கும். அவர்கள் எண்ணினார்கள். இருபதாயிரத்துக்கு மேல் வந்தது. கம்பெனி கம்பெனியாகப் பிரித்தார்கள், ஏறத்தாழ பாதி ஒரே பிஸ்கட் நிறுவனத்துடையது என்று தெரிந்தது. பிறகு மாநகராட்சி வழியாக அந்த உறைகளை அந்தந்த நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பி, மண்ணுக்குக் கேடில்லாத உறையில் பண்டத்தை விற்கும்படி கேட்டுக் கடிதமும் எழுதினார்கள். 2016-ன் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், விற்ற உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. ஏற்கெனவே இருந்து தூங்கிக்கொண்டிருந்த விதியை அந்தப் பிள்ளைகள் தட்டி எழுப்பினார்கள். இதில் எனக்குப் பிடித்த இடம் அந்த எண்ணிக்கை. 'நிறைய' என்று எழுதினால் அலுவலகத்தில் கோப்பு மூடும். எண்ணைப் போட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அதனால் மனுவுக்கு வருவோம். நான் எழுதிக் கொடுக்கும் மனுக்களில் அடிக்கிற வார்த்தைகளைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 'பல ஆண்டுகளாக', 'எண்ணற்ற முறை', 'சொல்லொணாத் துயரம்', 'போர்க்கால அடிப்படையில்'. பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் இவற்றுக்கு மார்க்கு உண்டு, அலுவலகத்தில் இல்லை. டாக்டரிடம் போய் உடம்பே சரியில்லை என்று மட்டும் சொன்னால் அவர் என்ன எழுதித் தருவார்? எங்கே வலி, எப்போதிலிருந்து என்று கேட்பார் இல்லையா? தெருவிளக்கு என்றால் கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எரியவில்லை, எந்த இரண்டு கம்பத்துக்கு நடுவே இருட்டு, டியூஷன் முடிந்து எத்தனை மணிக்கு எத்தனை பேர் அந்த வழியாக நடக்கிறார்கள். பஸ் என்றால் இன்னும் நுணுக்கம். ஒரு நோட்டை எடுத்து, பள்ளி விட்ட பிறகு நிறுத்தத்தில் நின்று, இரண்டு வாரம் பதிவு செய்யச் சொல்லுங்கள்: தேதி, வண்டி எண், வந்த நேரம், நின்றதா, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் நின்றுபோனார்கள். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு கோரிக்கை. இரண்டாவது கோரிக்கைக்கு இரண்டாவது மனு. விளக்கையும் பஸ்ஸையும் ஒரே தாளில் எழுதினால் அந்தத் தாள் எந்த மேசைக்கும் சொந்தமில்லாமல் அலையும்.

மனு கொடுத்தால் ரசீது. இதை மட்டும் பிள்ளைகள் மறக்கவே கூடாது. நேரில் கொடுத்தால் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும், தபாலில் போனால் ஒப்புகை அட்டை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பதிவு எண் கொடுக்கிறார்கள், 1100-க்குப் போன் பண்ணினாலும் எண் உண்டு. சேத்தூரிலிருந்து விருதுநகர் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பிள்ளையையோ அதன் அப்பாவையோ எடுத்த எடுப்பில் அங்கே அனுப்பாதீர்கள். முதலில் உள்ளூர் மேசை. ஒரு மாதம் பார்த்து, அந்த ரசீதோடு மேலே போகலாம்.

பதில் வரவில்லையா? அப்போதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2005-ல் வந்தது. நாட்டின் குடிமக்கள் அனைவருக்கும் உரிமை என்கிறது சட்டம், வயது வரம்பு எதுவும் போடவில்லை. வெள்ளைத்தாள், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை, பொதுத் தகவல் அலுவலருக்கு முகவரி, அவ்வளவுதான். எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக்கூடாது. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டாலோ, வந்தது திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

இதில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 'எங்கள் தெருவுக்கு ஏன் விளக்குப் போடவில்லை?' என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் 'தாங்கள் கோருவது தகவல் என்ற வரையறைக்குள் வராது' என்று ஒரு வரி வரும். சட்டம் கொடுப்பது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ஆகையால் கேள்வியை ஆவணமாக மாற்ற வேண்டும். 'கடந்த நிதியாண்டில் எங்கள் வார்டில் தெருவிளக்குப் பராமரிப்புக்குச் செலவிட்ட தொகையின் விவரம்', 'தெருவிளக்குப் புகார்ப் பதிவேட்டில் குறிப்பிட்ட மாதப் பக்கங்களின் நகல்', 'பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல்'. இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை அரசு எப்படி நினைக்கிறது என்பதையே கற்றுக்கொள்கிறது. அங்கே எல்லாம் பதிவேடு, தொகை, தீர்மானம், ஆணை.

ஆனால் ஒன்று. சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக எட்டாம் வகுப்புப் பிள்ளையின் பெயரையும் வீட்டு முகவரியையும் போட்டு அனுப்பாதீர்கள். இது சின்ன ஊர். மனு போன அன்றைக்கே யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டு ஆள் வருவதுண்டு. தென்மாவட்டங்களில் மனுவில் முதல் பெயர் யாருடையது, அது எந்தத் தெரு, அதாவது எந்தச் சாதி என்பதையும் பார்ப்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியதும், அதன்பின் நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு அமைந்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்ததும் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சுவர் ஊரை வெளியே நிறுத்திவிடாது. அதனால் பிள்ளைகள் எண்ணட்டும், எழுதட்டும், பேசட்டும். கையெழுத்தும் முகவரியும் பெரியவர்களுடையதாக இருக்கட்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லாமலே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்கள் என்றால் யார்? கையருகிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் அதை உண்டாக்கியது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். 2024-ல் தமிழ்நாட்டில் குழுக்களை மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். கூட்டத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போவதுதான் பல இடங்களில் நடைமுறை. ஆனால் அந்தக் குழு போடும் தீர்மானத்துக்கு எடை உண்டு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அதன் பணி. பிள்ளைகள் இரண்டு வாரம் எண்ணிய பஸ் நோட்டை அந்தக் கூட்டத்தில் வைத்து, ஓர் அம்மா எழுந்து படித்து, தீர்மானமாக நிறைவேற்றினால், அது போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குப் போகும்போது ஒரு பிள்ளையின் கடிதமாகப் போகாது.

தீர்மானத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட முடிவெடுத்தது. ஓர் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம். பின்னால் நம் மாவட்டத்துக்காரர் காமராஜர் அதை மாநிலம் முழுக்க மதிய உணவாக்கினார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022-ல் மதுரையில் காலை உணவு தொடங்கியது.

சபைகளைப் பற்றியும் கேட்டார் தம்பி. கிராம சபை நல்ல பள்ளிக்கூடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடுகிறது. வாக்காளர் பட்டியலில் உள்ளவர்கள்தான் அதன் உறுப்பினர்கள், பிள்ளைகள் உட்கார்ந்து கேட்க யாரும் தடை சொல்வதில்லை. கர்நாடகத்தில் குழந்தைகளுக்கென்றே தனியாக 'மக்கள கிராம சபை' நடத்துகிறார்கள். குந்தாப்பூர்ப் பகுதியில் வேலைக்குப் போன குழந்தைகளைத் திரட்டிய இயக்கத்திலிருந்து கிளைத்து வந்த யோசனை அது. அங்கே குழந்தைகள் கேட்பதற்கு ஊராட்சி பதில் சொல்ல வேண்டும். நம் பக்கம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் தொடங்கிய குழந்தைகள் பாராளுமன்றம் தெருவுக்குத் தெரு வளர்ந்தது. ஒரு தெருவின் பிள்ளைகள் சேர்ந்து தங்களுக்குள் அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சுகாதாரத்துக்கு ஓர் ஆள், கல்விக்கு ஓர் ஆள் என்று.

சேத்தூர் பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. நகர்ப்புறங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை என்று 2022-ல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் முதல்வர் பம்மலில் நடந்த பகுதி சபையில் கலந்துகொண்டார். நம் வார்டில் அது எப்போது கூடுகிறது, கடைசியாக என்ன பேசினார்கள் என்று உறுப்பினரிடம் கேட்டு வருவதையே பிள்ளைகளுக்கு முதல் வேலையாகக் கொடுக்கலாம். சுற்றியுள்ள ஊராட்சிகளிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகளுக்குக் கிராம சபை வேலை. இரண்டையும் வகுப்பில் ஒப்பிட்டுப் பார்த்தால் எது மேல் என்று அவர்களே சொல்வார்கள்.

சென்னை, டெல்லி என்று மேலே போனால் வழி கொஞ்சம் மாறும். அங்கே அவர்களே கருத்துக் கேட்கும் காலம் என்று ஒன்று வரும், அந்த நாட்களைத் தவறவிடக் கூடாது. நீட் பற்றி ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழுவுக்கு 2021-ல் 86,342 பேர் கருத்து அனுப்பினார்கள். மாநிலக் கல்விக் கொள்கைக்கான நீதியரசர் முருகேசன் குழுவும் கூட்டங்கள் போட்டுக் கேட்டது. 2025 ஆகஸ்டில் கொள்கை வெளிவந்தபோது பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு போயிற்று. நீட் விஷயத்தில் விலக்குக் கேட்கும் மசோதா சட்டமன்றத்தில் இரண்டு முறை நிறைவேறியும், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்ற செய்திதான் 2025 ஏப்ரலில் வந்தது. கேட்டது எல்லாம் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்ட வேண்டாம்.

மத்திய அரசின் சுற்றுச்சூழல் வரைவு அறிவிக்கைகளுக்குப் பெரும்பாலும் 60 நாள் அவகாசம். 2024 ஜூலை 31-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிக்கு ஆறு மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரு வரைவு வந்தது. கண்ணுக்கு எதிரே நிற்கிற மலையைப் பற்றியது, ஆனாலும் இந்தக் கடைப் பெஞ்சில் அதைப் பற்றி யாரும் பேசியதாக நினைவில்லை. ஒரு காரணம் மொழி. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தபோது டெல்லி உயர் நீதிமன்றம் அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் வெளியிடச் சொன்னது. அதற்குள் தமிழ்நாட்டில் தன்னார்வலர்கள் தாங்களே மொழிபெயர்த்துப் பரப்பிவிட்டார்கள். ராஜபாளையம், கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்கிறதா? ஒரு வரைவை எடுத்து, நம் பகுதியைத் தொடும் பிரிவுகளை மட்டும் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, தோப்புக்காரரிடமும் மலையடிவாரத்துப் பளியர் குடியிருப்பிலும் படித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைப் பிரிவு எண் போட்டு எழுதி அனுப்புவது. 'இந்தப் பிரிவில் இந்தச் சொல்லை இப்படி மாற்றுக, காரணம் இது' என்று எழுதினால் அது படிக்கப்படும். 'வரைவைத் திரும்பப் பெறுக' என்று ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்பினால் அது எண்ணிக்கைக்கு மட்டும் உதவும்.

தம்பிக்கு இரண்டாவது டீயும் ஆறிப்போயிருந்தது. "அப்ப வாத்தியாருக்கு என்ன வேலை அண்ணாச்சி?"

கொஞ்சம் கசப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் பிள்ளை பேசுகிறது என்றால் எழுதிக் கொடுத்தது ஆசிரியர் என்று அர்த்தம். பேச்சுப் போட்டியில் தொண்டை நரம்பு புடைக்க ஊழலை ஒழிப்போம் என்று கத்திப் பரிசு வாங்கும் பிள்ளை, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று தலைமையாசிரியரிடம் சொல்லப் பயப்படுகிறது. ஆகவே முதல் மனு பள்ளிக்கே வரட்டும். அதை வாங்கி, தேதி போட்டு, ரசீது கொடுத்து, முடியும் முடியாது என்று ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் கொடுங்கள். முடியாது என்றால் காரணத்தோடு. கோபப்படாமல் பதில் சொல்லும் ஓர் அதிகாரியை அந்தப் பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாக உங்கள் வடிவில் பார்க்கட்டும். அதன்பின் வெளியே அனுப்புங்கள். எழுதிக் கொடுக்காதீர்கள், திருத்திக் கொடுங்கள். அலுவலகத்துக்குக் கூடப் போங்கள், பேச்சை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

பெரிய பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். ஓட்டுரிமை 1989 வரை 21 வயதில் இருந்தது, அரசியல் சாசனத்தின் 61-வது திருத்தம்தான் அதை 18-க்குக் கொண்டுவந்தது. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21 போதும். 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என்.தொட்டி ஊராட்சிக்குத் தலைவராக வந்தவர் 21 வயதுக் கல்லூரி மாணவி. 2022-லிருந்து வாக்காளர் பட்டியலில் சேர ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாட்கள், 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பிளஸ் டூ வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் இந்தத் தகுதி இருக்கும். வேண்டியது படிவம் 6.